புலன்கள் தருவதும் மூளை முடிவு செய்வதும்

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. புலனுணர்ச்சிக்கும் புலன்காட்சிக்கும் என்ன வேறுபாடு என்பது முதல் பகுதி. நாம் காண்பதையெல்லாம் மூளைதான் கட்டுகிறது என்றால், 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்ற பழமொழியை உளவியலும் ஒப்புக்கொள்கிறதா என்பது இரண்டாவது. முதலாவதற்குச் சில வரிகள் போதும். இரண்டாவதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பழமொழி விசாரணையைக் கடைசியில் வைக்கிறது. ஆனால் கண்ணில் பட்டது நமக்குத் தெரியவருவதற்குள்ளாகவே மூளை ஒரு விசாரணையை முடித்துத் தீர்ப்பும் எழுதிவிடுகிறது. நமக்குக் கிடைப்பதே அந்தத் தீர்ப்பின் நகல்தான். அது எந்தச் சான்றை வைத்து, எந்த நோக்கத்துக்காக எழுதப்பட்டது என்று பார்த்தால்தான் பொய்யா மெய்யா என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

முதலில் வேறுபாடு. ஒளி, ஒலியலை, அழுத்தம், வெப்பம், காற்றில் மிதந்து வரும் மூலக்கூறுகள் ஆகியவை உடலில் அதற்கென்று அமைந்த உணர்வேற்பிகளைத் தூண்டி, நரம்புத் துடிப்புகளாக மாறும் கட்டத்தைப் புலனுணர்ச்சி என்கிறோம். அந்தத் துடிப்புகளிலிருந்து 'வாசலில் யாரோ நிற்கிறார்', 'தண்ணீர் சுடுகிறது' என்று பொருள் கொள்வது புலன்காட்சி. பாடநூல்கள் இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாக வைக்கின்றன. படிப்பதற்கு வசதியான பிரிவினைதான்; ஆனால் உடலில் அப்படியொரு எல்லைக்கோடு கிடையாது. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் ஏறத்தாழ 10 கோடி. அங்கிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பின் இழைகளோ சுமார் 10 லட்சம்தான். எதை அனுப்புவது, எதைச் சுருக்குவது என்ற தேர்வு விழித்திரையிலேயே நடந்தாக வேண்டும். ஒரே சீராக இருக்கும் பரப்பைவிட விளிம்புகளுக்கும் மாற்றங்களுக்கும் அங்கே முன்னுரிமை கிடைக்கிறது. 'வெறும் உணர்ச்சி' என்று நாம் நினைக்கும் இடத்திலேயே பொருள் காணும் வேலை தொடங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மூளைக்கு வந்து சேரும் துடிப்பில் ஒளியும் இல்லை, ஓசையும் இல்லை. கண்ணிலிருந்து வருவதும் காதிலிருந்து வருவதும் ஒரே வகையான மின்வேதித் துடிப்புகளே. எந்த நரம்பின் வழியாக வந்தது என்பதை வைத்தே அது காட்சியா ஓசையா என்பது அமைகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மானிய உடலியல் அறிஞர் யோஹான்னஸ் முல்லர் இதைக் கோட்பாடாகவே வகுத்தார். இருட்டில் மூடிய கண்ணின் ஓரத்தை இலேசாக அழுத்தினால் ஒரு வெளிச்ச வளையம் தெரிவது இதனால்தான். அங்கே ஒளி ஏதும் இல்லை. அழுத்தம் பார்வை நரம்பின் வழியாகப் போனதால் அது வெளிச்சமாகிவிட்டது. மிளகாயின் எரிச்சலும் இப்படித்தான். சுமார் 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை உணர்வதற்காக நரம்பு முனைகளில் இருக்கும் அதே புரதத்தை மிளகாயிலுள்ள கேப்சைசின் தூண்டுகிறது. அந்தப் புரதத்தை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியசுக்கும், தொடுதலை உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுக்கும் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

புலன்கள் எவ்வளவு நுண்மையானவை என்பதை அளக்கப் போனதிலிருந்துதான் உளவியல் ஓர் ஆய்வுத்துறையாகவே வளரத் தொடங்கியது. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் பணியாற்றிய உடலியல் அறிஞர் எர்ன்ஸ்ட் வெபர், கையில் எடைகளைக் கொடுத்து வேறுபாடு தெரிகிறதா என்று பார்த்தார். 200 கிராமோடு ஏறத்தாழ 5 கிராம் சேர்த்தால் வேறுபாடு புலப்படுகிறது. 2 கிலோவோடு அதே 5 கிராமைச் சேர்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. 50 கிராம் வேண்டும். நாம் உணர்வது அளவை அன்று, விகிதத்தை. இதை வைத்து குஸ்டாவ் ஃபெக்னர் 1860இல், உடல் சார்ந்த தூண்டலுக்கும் மனம் சார்ந்த உணர்வுக்கும் இடையே ஒரு கணிதத் தொடர்பையே எழுதிக் காட்டினார். மனத்தை அளக்கவே முடியாது என்று தத்துவ அறிஞர்கள் உறுதியாகச் சொல்லிவந்த காலம் அது. எனக்கு ஃபெக்னரின் சூத்திரத்தைவிட அவருடைய துணிச்சலே பெரிதாகப் படுகிறது.

1942இல் ஹெக்ட், ஷ்லேயர், பிரென் என்ற மூவர், இருளுக்கு நன்கு பழகிய கண் 5 முதல் 14 ஒளித்துகள்கள் உறிஞ்சப்பட்டாலே வெளிச்சத்தை உணர்ந்துவிடுகிறது என்று கணக்கிட்டார்கள். இயற்பியல் அனுமதிக்கும் எல்லையை ஏறக்குறையத் தொட்டுவிட்ட கருவி நம் கண்.

ஆனால் 'இதற்கு மேல் தெரியும், இதற்குக் கீழே தெரியாது' என்று நிலையான ஒரு கோடு எந்தப் புலனுக்கும் இல்லை. 1950களில் உருவான சமிக்ஞை கண்டறிதல் கோட்பாடு இதைத் தெளிவாக்கியது. மங்கலான எக்ஸ்-ரே படத்தை இரண்டு மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இருவருக்கும் கண்பார்வை சமம். நோயைத் தவறவிட்டுவிடுவோமோ என்று அஞ்சுபவர் 'இருக்கிறது' என்று அடிக்கடி சொல்வார். நலமாக இருப்பவரை வீணாகக் கலங்கடிக்கக் கூடாது என்று நினைப்பவர் 'இல்லை' என்று சொல்வார். புலனின் கூர்மை வேறு, முடிவெடுக்கும் துணிவு வேறு. ஒருவர் சொல்லும் பதிலில் இரண்டும் கலந்தே இருக்கும். 'எனக்குக் கேட்டது', 'எனக்குக் கேட்கவில்லை' என்று இருவர் வாதாடும்போது, காதுகளைச் சோதிப்பதற்கு முன்னால் தவறாகச் சொன்னால் யாருக்கு என்ன இழப்பு என்று பார்ப்பது நல்லது.

இனி கண்ணுக்கு வருகிறேன். மற்றப் புலன்களைக் குறைத்து மதிப்பதாக எண்ண வேண்டாம். நாம் மிக அதிகமாக நம்புவது கண்ணைத்தான். மூளை எவ்வளவு இட்டு நிரப்புகிறது என்பதை மிக எளிதாகக் காட்டக்கூடியதும் அதுதான்.

கையை நேராக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கூர்மையாகத் தெரிவது கிட்டத்தட்ட அந்த நகத்தின் அகலம் மட்டுமே. விழித்திரையின் நடுக்குழியில் கூம்புச் செல்கள் நெருக்கமாக இருக்கும் சிறு பரப்புக்குத்தான் அந்தக் கூர்மை உண்டு. ஓரங்களுக்குப் போகப் போக விவரம் வேகமாக மங்குகிறது. ஆனாலும் ஓர் அறைக்குள் நுழைந்தால் அறை முழுவதும் ஒரே தெளிவோடு தெரிவதாகவே நமக்குப் படுகிறது. கண் நொடிக்கு மூன்று முறை அளவில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவித் தாவி, கிடைத்த சிறு துண்டுகளை மூளையிடம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. தாவும் அந்தக் கணங்களில் பார்வை அடக்கி வைக்கப்படுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வதை நீங்கள் ஒருமுறைகூடக் காண மாட்டீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

குருட்டுப் புள்ளியைப் பற்றிப் பலரும் படித்திருப்பார்கள். படித்ததோடு விட்டுவிடாமல் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு சிறு பெருக்கல் குறி போடுங்கள். அதிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்பக்கமாக, அதே மட்டத்தில், மிளகு அளவில் ஒரு கரும்புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் உற்றுப் பார்த்தபடி தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முகத்திலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தொலைவில் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு விழித்திரையைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை. புள்ளியின் பிம்பம் அங்கே விழுகிறது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த எட்மே மரியாட் இதைக் கண்டுபிடித்தார்.

புள்ளி மறைவதோடு நின்றுவிடாதீர்கள். மறைந்த இடத்தில் இப்போது என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். ஓட்டையும் இல்லை, கருமையும் இல்லை. வெள்ளைத் தாள் தெரிகிறது. அடுத்து, புள்ளியின் ஊடாக மேலிருந்து கீழாக ஒரு தடித்த கோடு வரைந்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். புள்ளி மறையும், கோடு மட்டும் அறுபடாமல் மேலிருந்து கீழ்வரை ஓடும். நடுவில் கோடு இருக்கிறது என்ற தகவலைக் கண் தரவே இல்லை. மேலும் கீழும் கோடு இருப்பதால் நடுவிலும் இருக்கும் என்று மூளை முடிவு செய்து, அதை ஊகமாகச் சொல்லாமல் காட்சியாகவே தந்துவிடுகிறது. புலன்காட்சியின் இயல்பை இந்த ஒரு தாள் சொல்வதுபோல எந்த அத்தியாயமும் சொல்வதில்லை.

இன்னொரு சோதனை. கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் இதைச் செய்ய வேண்டாம். ஒரு கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் கண்ணின் வெளியோரத்தில், இமையின் மேல் விரலை வைத்து மிக மென்மையாக அசையுங்கள். எதிரிலுள்ள சுவரும் கதவும் ஆடும். விரலை எடுத்துவிட்டு, அதே கண்ணை நீங்களாக இடமும் வலமும் ஓட்டிப் பாருங்கள். விழித்திரையில் பிம்பம் முன்பைவிடப் பல மடங்கு நகர்கிறது. ஆனால் சுவர் அசையாமல் நிற்கிறது. ஏன்? கண் தசைகளுக்குக் கட்டளை அனுப்பும்போதே மூளை அந்தக் கட்டளையின் ஒரு படியைத் தனக்கும் வைத்துக்கொள்கிறது. 'இவ்வளவு நகர்வு என்னால் வந்தது' என்று அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் உலகத்தின் கணக்கில் எழுதுகிறது. விரல் தள்ளும்போது கட்டளை ஏதும் போகவில்லை. அதனால் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. 1950இல் ஃபொன் ஹோல்ஸ்டும் மிட்டல்ஷ்டெட்டும் இந்தக் கழித்தல் கணக்கைக் கோட்பாடாக முன்வைத்தார்கள். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதே கணக்குதான் காரணம் என்பதை 1998இல் சாரா-ஜேன் பிளேக்மோரின் குழு மூளைப் படங்களின் வழியாகக் காட்டியது.

இந்த வேலை முழுவதற்கும் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பெயர் வைத்தவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 'நனவிலி அனுமானம்' என்றார். விழித்திரையில் விழுவது தட்டையான, அரைகுறையான பிம்பம். ஒரே பிம்பத்தை எண்ணற்ற புறப்பொருள்கள் தர முடியும்: அருகிலுள்ள சிறிய பொருளும் தொலைவிலுள்ள பெரிய பொருளும் ஒரே அளவு பிம்பத்தைத்தான் பதிக்கும். அவற்றில் எதற்கு வாய்ப்பு மிக அதிகமோ அதை மூளை தேர்ந்தெடுக்கிறது. நாம் அறியாமலே, நம்மைக் கேட்காமலே, ஒரு நொடியின் சிறு பங்குக்குள் தேர்ந்தெடுக்கிறது.

1995இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடெல்சன் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பலகையின் மேல் ஓர் உருளை நிற்கிறது. அதன் நிழல் கட்டங்கள் மேல் விழுகிறது. நிழலுக்குள் இருக்கும் 'வெள்ளை'க் கட்டமும் நிழலுக்கு வெளியே இருக்கும் 'கறுப்பு'க் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல் நிறம். எத்தனை முறை பார்த்தாலும் ஒன்று வெளுப்பாகவும் மற்றது கறுப்பாகவும்தான் தெரியும். இதைக் காட்டி, 'பாருங்கள், மூளை ஏமாந்துவிட்டது' என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை. கண் வெறுமனே ஒளியின் அளவைக் காட்டும் ஓர் ஒளிமானியாக இருந்திருந்தால் இரண்டையும் சரிசமமாகக் காட்டியிருக்கும். ஆனால் ஒளிமானியை வைத்துக்கொண்டு வாழ முடியாது. நிழலில் கிடந்தாலும் வெயிலில் கிடந்தாலும் வெள்ளைத் துணி வெள்ளையாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் பொருளை அடையாளம் காண முடியும். 'நிழலில் இருப்பதால் குறைவான ஒளி வருகிறது. ஆகவே பரப்பு வெளுப்பாகத்தான் இருக்க வேண்டும்' என்ற மூளையின் முடிவு, உண்மையான பலகையும் உண்மையான உருளையும் இருந்திருந்தால் முற்றிலும் சரி. திரிபுக்காட்சி என்பது பெரும்பாலும், சரியான விதி அதற்குரிய இடத்துக்கு வெளியே செயல்படும்போது விளைவது.

2015இல் உலகம் முழுவதும் விவாதத்தைக் கிளப்பிய ஆடைப் படமும் இதே வகை. ஆடை உண்மையில் நீலமும் கறுப்பும். படத்தில் எந்த வெளிச்சம் அதன் மேல் விழுகிறது என்பதற்குத் தெளிவான குறிப்பு இல்லை. நீல நிழலில் இருப்பதாக யாருடைய மூளை எடுத்துக்கொண்டதோ அவர்களுக்கு அது வெள்ளையும் பொன்னுமாகத் தெரிந்தது. ஒரே வீட்டில் ஒரே திரையைப் பார்த்தவர்கள், மற்றவர் வேண்டுமென்றே வம்பு செய்கிறார் என்று நினைத்துச் சண்டையிட்டார்கள். பொய் சொன்னவர் யாரும் இல்லை.

இங்கே ஒன்று என்னை எப்போதும் வியக்க வைக்கிறது: அறிவு வந்த பிறகும் காட்சி மாறுவதில்லை. 1889இல் ஃபிரான்ஸ் முல்லர்-லயர் வெளியிட்ட இரண்டு கோடுகளை (ஒன்றின் முனைகளில் அம்புத்தலைகள் உள்நோக்கியும் மற்றதில் வெளிநோக்கியும் விரியும்) அளவுகோல் வைத்து அளந்து, இரண்டும் சமம் என்று தெரிந்துகொண்ட பிறகும், ஒன்று நீளமாகத்தான் தெரிகிறது. அடிவானத்து நிலவு உச்சி வானத்து நிலவைவிடப் பெரிதாகத் தெரிகிறது. கோண அளவோ இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ அரை டிகிரிதான். நமக்குத் தெரிந்திருப்பது ஒன்று, கண்ணில் தெரிவது வேறொன்று என்று இரண்டும் ஒரே தலைக்குள் அருகருகே இருக்க முடிகிறது. 'நன்றாக யோசித்துப் பார், அப்படித் தெரியாது' என்று யாரையும் வற்புறுத்துவதில் பயனில்லை.

இந்த விதிகள் பிறவியிலேயே வருகின்றனவா, பழக்கத்தில் வருகின்றனவா? டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மோலினோ 1688இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஒரு புதிரை எழுதி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையற்றவர் ஒருவர் கனசதுரத்தையும் கோளத்தையும் தடவிப் பார்த்து வேறுபடுத்தக் கற்றிருக்கிறார். திடீரென்று அவருக்குப் பார்வை வந்தால், தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வாரா? மோலினோவும் லாக்கும் 'சொல்ல மாட்டார்' என்றே கருதினார்கள். உறுதியான விடைக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின. பிறவிக் கண்புரையால் பார்வையின்றி வளர்ந்த குழந்தைகளுக்கு இந்தியாவில் சிகிச்சை அளித்து, அவர்களின் பார்வை எப்படி வளர்கிறது என்பதையும் ஆராயும் 'பிரகாஷ்' திட்டத்தை எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கினார். அக்குழு 2011இல் தன் முடிவை வெளியிட்டது. 8 வயது முதல் 17 வயது வரையிலான ஐந்து பேர். சிகிச்சை முடிந்த உடனேயே சோதனை. கையால் தொட்ட வடிவத்தைக் கண்ணால் அடையாளம் காண அவர்களால் முடியவில்லை. ஆகவே விடை 'சொல்ல மாட்டார்'. ஆனால் சில நாட்களுக்குள்ளேயே அந்தத் திறன் வளரத் தொடங்கியதையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

இதை வைத்து 'எல்லாம் பழக்கம்தான்' என்று முடிவு கட்ட முடியாதபடி, அதே குழு 2015இல் வேறொன்றையும் கண்டது. புதிதாகப் பார்வை பெற்ற குழந்தைகளுக்கு முல்லர்-லயர் கோடுகள், பார்வை வந்த உடனேயே, நம் எல்லோருக்கும் போலவே நீளம் மாறித் தெரிந்தன. படங்களையும் அறை மூலைகளையும் பார்த்துப் பழகிய அனுபவம்தான் இந்தத் திரிபுக்குக் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த விளக்கம் இதனால் ஆட்டம் கண்டது. கைக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு கற்றுக்கொள்ள வேண்டியது. கோடுகளின் நீளத்தை மதிப்பிடும் விதிகளில் சில முன்பே அமைந்திருப்பவை. எது எந்த வகை என்பதை ஒவ்வொன்றாகத்தான் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இங்கே இருக்கிறது. பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை வளர்ச்சியின் தொடக்கத்தில் மூடிவைத்தால், பிறகு திறந்தாலும் மூளை அந்தக் கண்ணைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை என்று 1960களில் ஹூபெல், வீசெல் இருவரும் காட்டினார்கள். பார்வை மண்டலம் குறித்த ஆய்வுகளுக்காக 1981இல் நோபல் பரிசு பெற்றவர்கள் இவர்கள். குழந்தையின் மாறுகண்ணையோ, இரண்டு கண்களுக்கும் இடையே உள்ள பெரிய பவர் வேறுபாட்டையோ 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடக் கூடாது என்று கண் மருத்துவர்கள் மன்றாடுவது இதனால்தான். கண்ணில் பழுது இல்லாமலேயே மூளை ஒரு கண்ணைக் கைவிட்டுவிடும். சிறு வயதில் சிகிச்சை நன்றாகப் பலிக்கும். வயது ஏற ஏறக் கடினமாகிக்கொண்டே போகும்.

புலன்கள் தனித்தனியே வேலை செய்வதாக நாம் நினைப்பதும் சரியன்று. 1976இல் ஹாரி மெகர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் செய்த சோதனையில், ஒருவர் 'கா' என்று உதடசைக்கும் படத்தோடு 'பா' என்ற ஒலியைச் சேர்த்து ஓடவிட்டார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டும் கேட்கவில்லை. நடுவிலுள்ள 'தா' போன்ற ஓர் ஒலி கேட்டது. கண்ணை மூடினால் 'பா' என்று தெளிவாகக் கேட்கும். திறந்தால் மறுபடியும் மாறிவிடும். கேட்பதில் கண்ணுக்கு இவ்வளவு பங்கு இருப்பதால், செவித்திறன் குறைந்தவரிடம் பேசும்போது குரலை உயர்த்துவதைவிட அவர் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி நிற்பது பலமுறை அதிகம் உதவும். 1998இல் வெளியான ரப்பர் கைச் சோதனை இன்னும் ஒரு படி மேலே போகிறது. உங்கள் கையை மறைத்து வைத்து, கண்முன் ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், சற்று நேரத்தில் அந்த ரப்பர் கையே உங்கள் கையாகத் தோன்றும். நம் உடல் நம்முடையது என்ற உணர்வும் மூளை சான்றுகளைப் பார்த்து எடுக்கும் முடிவுதான்.

சான்று கண்முன் இருந்தும் விசாரணைக்கே எடுத்துக்கொள்ளப்படாமல் போவதும் உண்டு. பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொல்லி, நடுவில் கொரில்லா உடை அணிந்த ஒருவர் நடந்துபோகும் படத்தை 1999இல் சைமன்ஸும் சப்ரியும் காட்டினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் காணவில்லை. 2013இல் இதே எண்ணத்தை வைத்து, நுரையீரல் சி.டி. படங்களில் கொரில்லா உருவம் ஒன்றைப் பொதித்து 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் தேடிக்கொண்டிருந்த கட்டிகளைவிட அது 48 மடங்கு பெரியது. 20 பேர் கவனிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் கண்கள் நேராக அந்த உருவத்தின் மீதே நிலைத்திருந்ததைக் கண்ணசைவுப் பதிவு காட்டியது. இதை அந்த மருத்துவர்களின் அலட்சியமாக நினைப்பது பெரிய அநியாயம். ஒன்றை உன்னிப்பாகத் தேடுவதற்கு நாம் கொடுக்கும் விலை அது. வண்டி ஓட்டும்போது ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசினால் ஆபத்தில்லை என்று நம்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். கை ஸ்டியரிங்கில் இருந்தாலும், கண் சாலையில் இருந்தாலும், கவனம் பேச்சில் இருந்தால் எதிரே வருவது கண்ணில் பட்டும் தெரியாமல் போகும்.

வலியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனமில்லை. காயத்தின் அளவுக்கு ஏற்ப வலி இருக்கும் என்பது பொதுவான எண்ணம். 1965இல் மெல்சாக், வால் இருவரும் முன்வைத்த 'வாயில் கட்டுப்பாடு' கோட்பாடு இதை மாற்றியது. தண்டுவடத்தில் வலிச் சமிக்ஞைகளைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய அமைப்பு இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைகளும் அதை இயக்குகின்றன. 1978இல், கடைவாய்ப் பல் பிடுங்கிய நோயாளிகளுக்கு, மருந்து என்று சொல்லி மருந்துப் பொருள் ஏதுமில்லாத ஒன்றைக் கொடுத்தபோது சிலருக்கு வலி குறைந்தது. பின்னர் நலோக்ஸோன் கொடுத்ததும் அந்த நிவாரணம் மங்கியது. நலோக்ஸோன், மார்ஃபின் வகை மருந்துகளின் செயலைத் தடுப்பது. ஆக, நம்பிக்கை தந்த நிவாரணம் உடலே சுரந்த வேதிப்பொருள்களின் வழியாக வந்திருக்கிறது. கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலி வருகிறது. 1990களில் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, சிலரின் வலியைத் தணித்தார். எல்லோருக்கும் அது பலிக்கவில்லை. ஆனால் வெறும் பிம்பத்தால் வலி குறைய முடிந்ததே பெரிய செய்தி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதற்காக, நாள்பட்ட வலியோடு வருபவரிடம் 'எல்லாம் உங்கள் மனப்பிரமை' என்று சொல்வது கொடுமை மட்டுமன்று, அறிவியல்படியும் தவறு. எல்லா வலியும் மூளை எடுக்கும் முடிவுதான். எலும்பு முறிந்தவரின் வலியும் அப்படியே. அதனால் அது பொய்யாகிவிடுவதில்லை.

பழமொழி குறித்த கேள்விக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. புலன்காட்சி உலகத்தின் நகலும் இல்லை, கட்டுக்கதையும் இல்லை. கிடைத்த குறைந்த சான்றைக் கொண்டு, செயல்படுவதற்குப் போதுமான அளவு விரைவாக எடுக்கப்பட்ட முடிவு அது. விரைவுக்காகச் சில இடங்களில் தவறுகிறது. புதிய சான்று வந்துகொண்டே இருக்கும்வரை திருத்திக்கொள்ளவும் செய்கிறது. கிட்டே போய்ப் பார்க்கிறோம், தொட்டுப் பார்க்கிறோம், பக்கத்தில் இருப்பவரிடம் 'உனக்கும் கேட்டதா?' என்கிறோம். தீர விசாரிப்பது என்பது அதே வேலையின் தொடர்ச்சிதான்.

சான்று வருவது நின்றுபோனால் என்ன ஆகும்? முதுமையில் விழித்திரை நோயால் பார்வையை இழந்தவர்கள் சிலர், எதிரே அறிமுகமில்லாத மனிதர்கள் நிற்பதாகவும், சுவரில் வண்ணக் கோலங்கள் விரிவதாகவும் காண்கிறார்கள். தன் தாத்தாவுக்கு இப்படி நேர்ந்ததை 1760இல் சுவிஸ் அறிஞர் சார்ல்ஸ் பொன்னே எழுதிவைத்தார். இன்று அந்நிலைக்கு அவர் பெயரே வழங்குகிறது. கண்ணிலிருந்து தகவல் வராதபோதும் மூளையின் காட்சிப் பகுதி தன் வேலையை நிறுத்துவதில்லை. தானாகவே உருவங்களை எழுப்புகிறது. இந்த இல்பொருள் காட்சிகள் பொதுவாகக் குரல் எழுப்புவதில்லை. காண்பவருக்கும் அவை உண்மையில்லை என்பது பெரும்பாலும் தெரியும். ஆனால் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் அவர்களில் பலர் பிள்ளைகளிடம்கூடச் சொல்வதில்லை. பார்வை குறைந்த பெரியவர் வீட்டில் இருந்தால், இப்படி ஏதாவது தெரிகிறதா என்று நீங்களே இதமாகக் கேளுங்கள். தெரிகிறது என்றால் இது மனநோய் இல்லை, கண் குறைபாட்டோடு வருவது என்று எடுத்துச் சொல்லிக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உருவங்கள் பேசுவதாகவும் கேட்டாலோ, அவற்றை அவர் உண்மை என்றே நம்பினாலோ, பேச்சிலும் நினைவிலும் குழப்பம் தெரிந்தாலோ காரணம் வேறாக இருக்கலாம். அப்போது நரம்பியல் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.